பழியை மாத்திரை மேல போடு: ‘சைடு எஃபெக்ட்ஸ்’ படமும் அதுக்குப் பின்னால இருக்கிற நிஜமும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

முதல்லயே சொல்லிடறேன், இந்த எபிசோடில் ஸ்பாய்லர் இருக்கு. கொஞ்சம் இல்ல, முழுசாவே இருக்கு. 2013ல் வந்த ‘சைடு எஃபெக்ட்ஸ்’ படத்தை இன்னும் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. கடைசி அரை மணி நேரத்தைத் தொடாம இந்தப் படத்தைப் பத்திப் பேசவே முடியாது.

இன்னொண்ணு. தற்கொலை முயற்சி, டிப்ரஷன் இதெல்லாம் பேச்சில் வரும். மனசு சரியில்லாத நேரத்துல கேட்டுட்டு இருக்கீங்கன்னா, இதை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைங்க. யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சுன்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, படத்துக்கு வருவோம். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க். எழுதியவர் ஸ்காட் இசட். பர்ன்ஸ். கொரோனா சமயத்துல உலகமே திரும்பப் போய்ப் பார்த்த ‘கன்டேஜியன்’ படமும் இந்த ரெண்டு பேரோடதுதான். படப்பிடிப்பில் இருந்த ‘பீட்டர் ஆண்ட்ரூஸ்’ என்ற ஒளிப்பதிவாளரும் ‘மேரி ஆன் பெர்னார்ட்’ என்ற எடிட்டரும் யார்னு தேடிப் பார்த்தீங்கன்னா, ரெண்டுமே சோடர்பெர்க்தான். புனைபெயர்ல கேமராவும் பிடிப்பார், எடிட்டும் பண்ணுவார். பொய்யைப் பத்தின படத்துல டைட்டில் கார்டுலயே ரெண்டு பொய்ப் பேர்.

படம் நியூயார்க்கில் ஒரு வீட்டு ஜன்னலை நோக்கிக் கேமரா நகர்வதில் தொடங்குகிறது. உள்ளே தரையெல்லாம் ரத்தக் காலடித் தடங்கள். யாருடைய ரத்தம், தெரியாது. உடனே ‘மூன்று மாதங்களுக்கு முன்பு’.

எமிலி, இருபதுகளில் இருக்கும் பெண். ரூனி மாரா நடிச்சிருக்காங்க. கணவன் மார்ட்டின், இன்சைடர் டிரேடிங் வழக்கில் நாலு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். பெரிய வீடு, படகு, பார்ட்டி என்று இருந்த வாழ்க்கை போய்விட்டது. அவன் திரும்பி வந்த கொஞ்ச நாளில், எமிலி ஒரு பார்க்கிங்கில் காரை நேராகச் சுவரில் கொண்டுபோய் மோதுகிறாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஜொனாதன் பேங்க்ஸ், அதாவது ஜூட் லா, இது தற்கொலை முயற்சி என்று புரிந்துகொள்கிறார். தன்னிடம் தொடர்ந்து சிகிச்சைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்.

மாத்திரை ஆரம்பிக்கிறது. ஒண்ணு ஒத்துக்கலை, இன்னொண்ணு மாத்தறாங்க. அதுவும் சரியா வரலை. எமிலிக்கு முன்னாடி சிகிச்சை கொடுத்த டாக்டர் விக்டோரியா சீபர்ட்டிடம் பேங்க்ஸ் ஆலோசனை கேட்கிறார். இது கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ். அவர், புதுசா சந்தைக்கு வந்திருக்கிற ‘அப்லிக்ஸா’ என்ற மாத்திரையைச் சொல்கிறார். இந்த அப்லிக்ஸா கற்பனை மருந்து. ஆனா படக்குழு அதுக்கு நிஜம் மாதிரியே ஒரு போலி விளம்பர வலைத்தளம் செஞ்சு விட்டாங்க.

அப்லிக்ஸா வேலை செய்கிறது. எமிலி சிரிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், கணவனோடு நெருக்கமாகிறாள். ஒரே ஒரு பக்கவிளைவு: தூக்கத்தில் நடக்கிறாள். நடுராத்திரியில் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு மூன்று பேருக்கு மேசை போடுகிறாள். காலையில் கேட்டால் ஞாபகமே இல்லை. மார்ட்டின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறான். அவள், இது ஒண்ணுதான் எனக்கு வேலை செய்யுது என்கிறாள். பேங்க்ஸ் மருந்தை நிறுத்தாமல் பக்கவிளைவைச் சமாளிக்க இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்.

ஒரு நாள் மார்ட்டின் வீட்டுக்கு வருகிறான். எமிலி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வந்தவனைக் குத்திவிட்டு, நிதானமாகப் போய்ப் படுத்துத் தூங்குகிறாள்.

ஏறக்குறைய படத்தின் மூன்றில் ஒரு பங்குதான் அப்போது ஓடியிருக்கும். மார்ட்டினாக நடித்தவர் சானிங் டேட்டம், அந்தச் சமயத்தில் பெரிய ஸ்டார். 1960ல் ‘சைக்கோ’ படத்தில் ஹிட்ச்காக் கதாநாயகியைப் பாதியிலேயே கொன்றாரே, அதே வேலை. நாம் யாருடைய கதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற தரையையே உருவி விடுவது.

இதுவரைக்கும் எல்லாம் நிஜம்தான்

படத்தோட முதல் பாதி ஒரு த்ரில்லர் மாதிரியே இருக்காது. மருந்துத் தொழிலைப் பத்தின படம்னு நினைச்சுத்தான் பார்ப்போம். அதுக்குக் காரணம், அதுல காட்டுற ஒவ்வொண்ணும் அமெரிக்காவில் அன்றாடம் நடப்பது.

டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே முடியாத மருந்துக்கு டிவியில் விளம்பரம் வருவது நமக்கு விசித்திரம். உலகத்திலேயே அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான் இதை முழுசாக அனுமதிக்கிற நாடுகள். 1997ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, டிவி விளம்பரத்துக்கான விதிகளைத் தளர்த்தியது. பக்கவிளைவுகள் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டாம், முக்கியமானதைச் சொல்லிவிட்டு மிச்சத்துக்கு ஒரு போன் நம்பரோ பத்திரிகை விளம்பரமோ காட்டினால் போதும் என்றானது. அதுக்கப்புறம்தான் அந்த விளம்பரங்கள்: வயல்வெளியில் ஓடுகிற பெண், பின்னணியில் மென்மையான இசை, அதே மென்மையான குரலில் ‘தற்கொலை எண்ணம் வரலாம், ஈரல் பாதிக்கலாம்’ என்ற வாசிப்பு.

விளம்பரம் நோயாளிக்கு. டாக்டருக்கு வேற வழி. படத்தில் பேங்க்ஸ், ஒரு மருந்து கம்பெனியின் சோதனைக்கு ஆலோசகராக இருக்கப் பணம் வாங்குகிறார். வேலையில்லாத மனைவி, மகனோட பள்ளிக் கட்டணம், புது வீடு. அவர் கெட்டவர் இல்லை, செலவு இருக்கிறது. மனைவி ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது பதற்றம் குறைய அவரே ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார் பாருங்க, தலைவலிக்குத் தைலம் கொடுக்கிற மாதிரி. சின்ன சீன்தான். ஆனா அந்த வீட்டுல, அந்த ஊருல மாத்திரைன்னா என்னன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

படம் வருவதற்கு ஏழு மாசம் முன்னாடி, 2012 ஜூலையில், கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 கோடி டாலர் கட்டியது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லாத ‘பாக்ஸில்’ என்ற டிப்ரஷன் மருந்தை அவர்களுக்கும் கொடுக்கலாம் என்று விளம்பரப்படுத்தியது. எந்த டாக்டர் எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினார் என்ற விவரத்தை அமெரிக்க அரசு பொதுவெளியில் வைக்க ஆரம்பித்தது 2014ல். அதற்குச் சட்டம் 2010லேயே போட்டாச்சு. அதாவது இந்தப் படம் எடுக்கப்பட்டபோது சட்டம் இருந்தது, பட்டியல் இன்னும் வரவில்லை. பேங்க்ஸ் மாதிரியான டாக்டர்கள் அந்த இடைவெளியில் வாழ்ந்தவர்கள்.

தூக்கத்தில் கொலை செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் படத்தை நம்ப முடியாது. பதில்: அபூர்வம், ஆனால் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கு இருக்கிறது.

1987ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 23 வயது இளைஞர் ஒருவர் நடுராத்திரியில் எழுந்து, சுமார் 23 கிலோமீட்டர் கார் ஓட்டி மாமியார் வீட்டுக்குப் போய், மாமியாரைக் கொன்று மாமனாரைப் படுகாயப்படுத்தினார். பிறகு அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வழக்கில் தூக்க மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள்: அவர் தூக்கத்தில் இருந்தார், செய்தது அவர் அறிவுக்கே எட்டாதது. ஜூரி விடுதலை செய்தது. 1992ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பார்க்ஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

தூக்க நடை வருவது கனவு காணும் நேரத்தில் இல்லை, அதற்கு முந்தைய ஆழ்ந்த உறக்கத்தில். மூளையில் கை காலை அசைக்கிற பகுதி விழித்துக்கொள்கிறது, யோசித்து முடிவெடுக்கிற, நினைவில் பதிகிற பகுதிகள் தூங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரே வீட்டில் டிரைவர் மட்டும் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

மருந்தால் இது வருமா? வரும். டிப்ரஷன் மருந்தைவிட இதில் பேர் எடுத்தது தூக்க மாத்திரை. சோல்பிடெம், அமெரிக்காவில் ‘ஆம்பியன்’. அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்திலேயே சமைத்தவர்கள், கார் ஓட்டியவர்கள், காலையில் எதுவும் ஞாபகம் இல்லாதவர்கள். இப்படிப் புகார்கள் குவிந்து, 2007ல் எஃப்டிஏ இந்த வகை மருந்துகளின் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. 2019ல் அதை இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையாக, கறுப்புப் பெட்டிக்குள் போடும் வகைக்கு மாற்றியது. அப்லிக்ஸாவை எழுதும்போது பர்ன்ஸ் வெறுங்கையில் முழம் போடவில்லை.

இனிமேதான் படம்

கோர்ட்டில் எமிலியின் வக்கீல், மனநிலை பாதிப்பால் குற்றவாளி இல்லை என்று வாதாடுகிறார். பேங்க்ஸ் சாட்சி சொல்கிறார். எமிலி ஜெயிலுக்குப் பதில் மனநல மருத்துவமனைக்குப் போகிறாள். அவள் குணமாகிவிட்டாள் என்று பேங்க்ஸ் சொன்னால்தான் வெளியே வர முடியும். அவருக்கோ எல்லாம் போகிறது. ‘கொலைகார மாத்திரை கொடுத்த டாக்டர்’ என்று பத்திரிகை எழுதுகிறது. கூட வேலை பார்த்தவர்கள் கழற்றி விடுகிறார்கள். மருந்து கம்பெனியும் ஒதுக்குகிறது.

எல்லாம் போன மனுஷன் தோண்ட ஆரம்பிக்கிறார். ஒரு கட்டுரை கையில் கிடைக்கிறது. அப்லிக்ஸாவுக்கும் தூக்க நடைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கொலைக்கு முன்பே எழுதப்பட்டது. எழுதியவர் டாக்டர் சீபர்ட்.

பிறகு முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்கிறது. எமிலிக்கு டிப்ரஷன் இல்லை. தூக்க நடையும் இல்லை. சொகுசு வாழ்க்கையைத் தொலைத்த கணவன் மேல் வெறுப்பு. சிகிச்சைக்குப் போன இடத்தில் சீபர்ட்டும் அவளும் காதலர்களாகிறார்கள். நோயாளி மாதிரி நடிக்க டாக்டர் சொல்லிக்கொடுக்கிறார், பங்குச்சந்தை எப்படி ஓடும் என்று கணவனிடம் கற்றதை எமிலி டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நிறைய பேர் கவனிக்காமலே கடந்துடறாங்க. ஷார்ட் செல்லிங் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். உங்ககிட்ட இல்லாத ஒரு பங்கை நீங்க கடனா வாங்கி, இன்னிக்கு 100 டாலருக்கு விக்கறீங்க. நாளைக்கு அதோட விலை 60க்கு விழுந்தா, 60க்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துடுவீங்க. வட்டி, கமிஷனைக் கழிக்கறதுக்கு முன்னாடி 40 டாலர் லாபம். அதாவது ஒரு கம்பெனி நாசமானா உங்களுக்குச் சம்பாத்தியம். ‘அப்லிக்ஸா சாப்பிட்ட பெண் கணவனைக் கொன்றாள்’ என்று தலைப்புச் செய்தி வந்தால் அந்த மருந்து கம்பெனியின் பங்கு விழும், போட்டிக் கம்பெனியின் பங்கு ஏறும். செய்தி எந்த நாள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு ரெண்டு பக்கமும் காசு. கணவன் இன்சைடர் டிரேடிங்குக்காக ஜெயிலுக்குப் போனவன். மனைவி செய்ததும் இன்சைடர் டிரேடிங்தான், உள்தகவல் மட்டும் அவன் சாவு.

1944ல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தில் கணவனைக் கொன்றால் இன்சூரன்ஸ் பணம் வரும். அறுபத்தொன்பது வருஷம் கழித்து இன்சூரன்ஸ் இருந்த இடத்தில் ஸ்டாக் மார்க்கெட் வந்திருக்கிறது. சோடர்பெர்க் எடுத்தது பழைய நுவார் படம். மருந்து அரசியல் என்ற சட்டையைப் போட்டு நம்மைப் பாதி தூரம் கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

உப்புத் தண்ணி சீன்

எனக்கு ரொம்பப் பிடிச்சதும், ரொம்ப உறுத்துறதும் இந்த சீன்தான்.

எமிலி நடிக்கிறாளா என்று கண்டுபிடிக்க பேங்க்ஸ் ஒரு பொறி வைக்கிறார். சோடியம் அமிட்டால் ஊசி போடப்போகிறேன், தூக்கக் கலக்கத்தில் உண்மை எல்லாம் வெளியே வரும் என்கிறார். கேமரா முன்னால் ஊசி போடுகிறார். எமிலிக்கு நாக்கு குழறுகிறது, கண் சொருகுகிறது, கலக்கத்திலேயே கதையைச் சொல்லி முடிக்கிறாள். ஊசியில் இருந்தது வெறும் சலைன், உப்புத் தண்ணி. மாட்டிக்கிட்டா!

தியேட்டர்ல கை தட்டலாம். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. ‘இது தூக்கம் வரவைக்கும் மருந்து’ என்று ஒரு டாக்டர் சொல்லி ஊசி போட்டால், பொய்யே சொல்லாத ஒருத்தருக்கும் கண் சொருகலாம். அதுக்குப் பேர்தான் பிளாசிபோ. எதிர்பார்ப்பே உடம்பில் வேலை செய்வது. உப்புத் தண்ணிக்கு மயங்கியதால் அவள் நடிகை என்று நிரூபணம் ஆகாது. மனநல மருத்துவராக இருந்துகொண்டு பேங்க்ஸுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. படத்துக்குத் தெரிய வேண்டாம் என்று படம் முடிவு பண்ணியிருக்கு.

இதில் வேடிக்கை, டிப்ரஷன் மருந்துகளைப் பற்றிய நிஜமான பெரிய விவாதமே இந்தப் பிளாசிபோதான். டிப்ரஷன் மருந்துச் சோதனைகளில் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நிறைய பேருக்கு நிலைமை தேறுகிறது. அப்படியென்றால் மருந்து எதற்கு? 2018ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 522 சோதனைகளை, ஒரு லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆராய்ந்த 21 மருந்துகளும் பெரியவர்களின் கடுமையான டிப்ரஷனில் பிளாசிபோவைவிட நன்றாக வேலை செய்தன. வித்தியாசம் சராசரியில் பெரிசு இல்லை, ஆனால் இருக்கிறது. எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும் என்பது மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியாத ஒன்று. எமிலிக்கு ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தாரே, நிஜ டாக்டர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அதே மாதிரி, ‘மூளையில் செரடோனின் குறைஞ்சிடுச்சு, மாத்திரை அதை நிரப்பும்’ என்ற விளம்பர விளக்கம் அவ்வளவு நேரானது இல்லை. 2022ல் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை, டிப்ரஷனுக்குச் செரடோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்றது. உடனே சோஷியல் மீடியாவில் ‘மாத்திரை எல்லாம் டுபாக்கூர்’ என்று கிளம்பினாங்க. ரெண்டும் வேற வேற கேள்வி. தலைவலிக்குக் காரணம் பாராசிட்டமால் குறைவு இல்லை, ஆனா பாராசிட்டமால் வேலை செய்யுது.

இதைக் கேட்டுட்டு, இல்ல அந்தப் படத்தைப் பார்த்துட்டு, சாப்பிடற மாத்திரையைத் தூக்கிப் போடணும்னு யாருக்காவது தோணுச்சுன்னா, தயவுசெஞ்சு வேண்டாம். இந்த மருந்துகளைச் சட்டுனு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரலாம். டாக்டரோட பேசி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். அதேபோல 25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க புதுசா ஆரம்பிக்கும்போது முதல் சில வாரங்கள் கூட இருக்கிறவங்க கவனமா பார்த்துக்கணும். தற்கொலை எண்ணம் அதிகமாகலாம்னு 2004லிலும் 2007லிலும் எஃப்டிஏ எச்சரிக்கை போட்டதே இந்த வயசுக்காரங்களுக்காகத்தான்.

டாக்டரோட பழிவாங்கல்

உண்மை தெரிந்த பேங்க்ஸ் அரசு வழக்கறிஞரிடம் ஓடுகிறார். ஒன்றும் நடக்காது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை ரெண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டம். எமிலி கொலைகாரி, ஆனால் சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு முடிந்துபோன விஷயம்.

ஆனால் அவரிடம் ஒரு சாவி இருக்கிறதே. அவள் எப்போது வெளியே வருவாள் என்று சொல்லும் அதிகாரம். எமிலியும் சீபர்ட்டும் பேசிக்கொள்ள முடியாமல் செய்கிறார். ஒருத்தி மேல் இன்னொருத்திக்குச் சந்தேகத்தை ஊட்டுகிறார். கடைசியில் எமிலி வாய் திறக்கிறாள், உடம்பில் மைக் கட்டிக்கொண்டு போய் சீபர்ட்டை மாட்டிவிடுகிறாள். இனி சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டு பேங்க்ஸிடம் வருகிறாள். அவர் தோரசின், டெபகோட் என்று கனமான மருந்துகளை எழுதுகிறார். பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாக, ரசித்து, சொல்கிறார். அவள் ஓடுகிறாள். வாசலில் போலீஸ். மறுபடியும் மருத்துவமனை.

நிறைய பேருக்கு இது ‘செம க்ளைமாக்ஸ்’. எனக்கு முதுகில் சில்லிட்டது. ஏன்னா பேங்க்ஸ் செய்வது என்ன? நோய் இல்லை என்று தனக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தியை நோயாளி என்று எழுதி, தேவையில்லாத மருந்தை வலுக்கட்டாயமாகக் கொடுத்து அடைத்து வைக்கிறார். எமிலி என்ன பொய் சொன்னாளோ, அதே பொய்யை இப்போது டாக்டர் சொல்கிறார், டாக்டர் சீட்டில்.

சட்டம் இங்கே என்ன சொல்லும்? 1981ல் அதிபர் ரேகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி, மனநிலை பாதிப்பு என்ற அடிப்படையில் 1982ல் விடுதலை ஆனார். ஊரே கொதித்தது, 1984ல் சட்டத்தை இறுக்கினார்கள். ஆனால் ‘விடுதலை’ ஆன ஹிங்க்லி எங்கே போனார்? மருத்துவமனைக்கு. எந்த நிபந்தனையும் இல்லாமல் முழுசாக விடுவிக்கப்பட்டது 2022 ஜூனில். 1975ல் வாஷிங்டனில் ஒரு ஜாக்கெட்டைத் திருட முயன்றவர் இதே வாதத்தை வைத்தார். ஜெயிலுக்குப் போயிருந்தால் அதிகபட்சம் ஒரு வருஷம். மருத்துவமனையில் வருஷக் கணக்கில் இருந்தார். 1983ல் ஜோன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது: தண்டனைக் காலத்தைவிட அதிகமாகவும் வைத்திருக்கலாம்.

பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுடறாங்கன்னு நாம சினிமாவுல பார்த்துப் பழகியிருக்கோம். அமெரிக்காவில் எட்டு மாநிலங்களை வைத்து நடந்த ஆய்வில், இந்த வாதத்தை வைப்பவர்களே நூற்றில் ஒருவர் வாக்கில்தான். அதில் ஜெயிப்பது கால்வாசி.

சரி, நோய் குணமான பிறகும் வைத்திருக்கலாமா? 1992ல் ஃபூச்சா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. ஆபத்தானவர் என்பது மட்டும் போதாது, மனநோய் இருக்க வேண்டும். அதன்படி பார்த்தால் எமிலியை அடைத்து வைக்க எந்த வழியும் இல்லை, ஒரு டாக்டர் பொய் சொன்னாலே ஒழிய. அந்தப் பொய்க்குத்தான் நாம கை தட்டறோம்.

‘அவ நடிக்கிறா’

நிஜ வாழ்க்கையில் டிப்ரஷன் உள்ள பெண்ணுக்குக் கிடைக்கிற முதல் பட்டம் என்ன? நடிக்கிறா. வேலைக்குப் போகப் பிடிக்கலை, அதான். மாமியார் வீட்டுக்கு வரப் பிடிக்கலை, அதான். இந்தப் படம் ஒரு மணி நேரம் எமிலியின் வலியை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிவிட்டு, பார்ட்டியில் கண்ணாடி முன்னால் அவள் உடைந்து நிற்பதை நம்ப வைத்துவிட்டு, கடைசியில் ‘ஆமா, நடிச்சா’ என்கிறது. த்ரில்லராக அது அபாரமான திருப்பம். ஆனா ஏற்கெனவே யாரும் நம்பாத ஒரு கூட்டத்தோட தலையில் அது விழுது. மனநோயாளிப் பெண், தந்திரக்காரி, பெண்ணை விரும்பும் பெண், எல்லாத்தையும் ஒரே ஆளில் போட்டுக் குலுக்கியதும் சேர்ந்துக்குது. இந்தக் குறையைச் சொல்லாம படத்தைக் கொண்டாட எனக்கு மனசு வரலை.

நடிப்பைக் கண்டுபிடிக்க மனநல மருத்துவர்கள் சில விஷயங்களைப் பார்ப்பாங்க. பொய்யாக நோய் சொல்பவர்கள் பொதுவாக அறிகுறிகளைக் கூட்டிச் சொல்வார்கள், கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுவார்கள், அபூர்வமானவற்றை அள்ளி விடுவார்கள். உண்மையிலேயே டிப்ரஷன் உள்ள நிறைய பேர் எதிர்த்திசை. மறைப்பார்கள். ‘ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு’.

இருந்தாலும் டாக்டர்கள் ஏமாறுவார்கள். இதற்கு எல்லோரும் காட்டுவது 1973ல் ‘சயன்ஸ்’ இதழில் டேவிட் ரோசன்ஹான் எழுதிய கட்டுரை. நல்லா இருக்கிற எட்டு பேர், பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குப் போய், ஏதோ குரல் கேட்குது என்று மட்டும் சொன்னார்கள். எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த நிமிஷத்திலிருந்து சாதாரணமாக இருந்தும் சராசரியாக 19 நாள் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை, சக நோயாளிகளில் சிலர் ‘நீ நோயாளி இல்ல, பத்திரிகைக்காரன்’ என்று கண்டுபிடித்தார்கள். மனநல மருத்துவத்தையே ஆட்டிய கட்டுரை. ஆனால் 2019ல் சூசனா கஹாலன் என்ற பத்திரிகையாளர் ‘தி கிரேட் பிரிடெண்டர்’ என்ற புத்தகத்தில் அதைத் தோண்டினார். ரோசன்ஹான் தானே நோயாளியாகப் போனபோது, கட்டுரையில் எழுதியதைவிடக் கடுமையான அறிகுறிகளைச் சொல்லியிருந்தார் என்பது மருத்துவக் குறிப்பில் இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பொய்யைப் பற்றிய ஆய்விலேயே எவ்வளவு பொய் என்று இன்றும் சண்டை ஓடுகிறது. இதை யாராவது படமா எடுங்கப்பா.

கடைசியா ஒரு கேள்வி

படம் பார்த்தவங்க தவறாம கேட்கிறது: உண்மை பேச வைக்கிற ஊசி நிஜமாவே இருக்கா?

அமிட்டால் நிஜ மருந்து. பென்டத்தால் என்று இன்னொன்றும் உண்டு. ரெண்டும் மயக்கத்தைத் தரும் பார்பிச்சுரேட் வகை. போட்டால் பேச்சு தாராளமாக வரும், கட்டுப்பாடு தளரும். ஆனா வருவது உண்மைதான் என்று சொல்ல முடியாது. கற்பனை வரும், எதிரில் இருப்பவர் கேட்க விரும்புவதும் வரும், பொய் சொல்லணும்னு உறுதியா இருக்கிறவங்க அதுலயும் பொய் சொல்லலாம்.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர் நார்கோ டெஸ்ட். ஒரு காலத்துல பெரிய வழக்குன்னாலே டிவியில் அந்த வீடியோ ஓடும். 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ டெஸ்ட், பாலிகிராஃப், பிரெயின் மேப்பிங் எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) பிரிவு, தனிமனித சுதந்திரம் பற்றிய 21வது பிரிவு, ரெண்டையும் அது மீறுது. சம்மதத்தோட செஞ்சாலும், அந்த மயக்கத்துல சொன்ன வார்த்தையை மட்டும் வெச்சு ஆதாரம்னு காட்ட முடியாது. அதன் மூலம் பிறகு கண்டுபிடிக்கிற பொருளோ தகவலோ வேணா செல்லும்.

அடுத்த வாரம் ‘டபுள் இன்டெம்னிட்டி’ பேசலாம்னு இருக்கோம். பழைய படம், கறுப்பு வெள்ளை, ஆனா நேரம் கிடைச்சா பார்த்துட்டு வாங்க. அந்த எபிசோடுக்கும் ஸ்பாய்லர் எச்சரிக்கையை இப்பவே கொடுத்துடறேன்.